டீச்சரின் கேசட் பையிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: மாட்டுங்காவில் பல வருஷம் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்த எங்கள் டீச்சர் போன வருஷம் காலமானார். சொந்தமாக நாற்பது பாட்டுக்கு மேல் இயற்றியிருக்கிறார். நோட்டுப் புத்தகங்களும் ஒரு பை நிறைய கேசட்டும் அவர் மகனிடம் இருக்கின்றன. சிஷ்யைகள் சேர்ந்து ஆல்பம் கொண்டுவரலாம் என்றிருக்கிறோம். கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் சேர்த்தால்தான் எடுபடும் என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
- வாசகி, செம்பூர்

பதில்: அந்தப் பையிலிருந்து. ஸ்டூடியோ எங்கேயும் ஓடிவிடாது, ஆனால் கேசட் இத்தனை மும்பை மழையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் வீட்டு டேப்பில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பவற்றில் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் தவறிப்போய் அழிக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 24 பிட் வேவ் ஃபைலாக வையுங்கள், எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப இருக்கட்டும். அப்புறம் சுருதி. டீச்சர் 5 கட்டை சுருதியில் பாடியவர் என்று வைத்துக்கொள்வோம், கேசட்டில் அதற்கு மேலே ஐந்தரை கட்டை கேட்டால் மெஷின் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், அவருடையதாக இருக்காது. அதைச் சரிசெய்துவிட்டுச் சங்கதி (ஒரே வரியை வெவ்வேறு விதமாக வளர்த்துப் பாடுவது) எழுத உட்காருங்கள்.

கீபோர்டு, டிரம்ஸ் வேண்டவே வேண்டாம். தம்புரா, வயலின், மிருதங்கம் தாராளமாகப் போதும். டீச்சருடைய ஆல்பத்தில் அவர் சொல்லிக்கொடுப்பது கேட்க வேண்டாமா? வகுப்பில் பதிவு செய்த கேசட் ஒன்றிரண்டாவது இருக்கும். அதில் டீச்சர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு சங்கதியைப் பாடிக்காட்டி, "இல்லை, மறுபடி" என்று திருப்பிப் பாடவைப்பார். நடுவே குக்கர் விசில் அடித்தாலும் பரவாயில்லை, அதில் ஒரு துண்டை அப்படியே போட்டுவிட்டு அதே பாட்டை நீங்கள் முழுசாகப் பாடுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கனமான கீர்த்தனையாகவே பொறுக்காதீர்கள், கச்சேரியில் பாடகர்கள் எடுத்துக்கொள்ளப்போவதே அதுகளைத்தான். குழந்தைகளுக்கு என்று அவர் நாலு வரியில் எழுதிய பாட்டுகளை நீங்கள் விட்டால் வேறு யாரும் பாடப்போவதில்லை.

கேள்வி: ஒரே பாட்டை முலுண்டில் இருக்கும் சீனியர் அக்கா ஒரு மாதிரி பாடுகிறார், நான் வேறு மாதிரி. நோட்டில் மூன்றாவது மாதிரி இருக்கிறது. எது சரி?

பதில்: பாடாந்தரச் சண்டை, அதாவது யார் கற்ற விதம் சரி என்ற சண்டை, இல்லாத சிஷ்யைகள் உண்டா! அக்கா கற்றுக்கொண்ட காலம் வேறு, உங்கள் காலம் வேறு, இயற்றியவரே நடுவில் மாற்றியிருப்பார், அவருக்கு இல்லாத உரிமையா. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் இருநூற்றுக்கும் மேல், கமகக் குறிகளோடு (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதத்தைக் காட்டுபவை) இருக்கின்றன. அப்படியும் இன்றைக்கு மேடையில் கேட்கிற சில கிருதிகள் புத்தகத்தோடு ஒத்துப்போவதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் குரல் நமக்கு இல்லை, அதனால் வாதம் ஓயவில்லை. உங்களுக்கு டீச்சர் குரலே கேசட்டில் இருக்கிறது. மீட்டிங் போட்டுத் தீர்ப்பு சொல்லாமல் இரண்டு பேரும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்யுங்கள், யார் எந்த வருஷம் கற்றது என்று கூடவே எழுதிவையுங்கள். ஆல்பத்தில் ஒன்று போனால் போதும்.

கேள்வி: மகன் வாயால் சரி என்று சொல்லிவிட்டார். அது போதுமா?

பதில்: போதாது. நம் சட்டப்படி பாட்டின் உரிமை இயற்றியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் இருக்கும், அது வாரிசுகளுக்குப் போகும். மகன் ஒருவர்தானா, அமெரிக்காவில் மகள் யாராவது இருக்கிறாரா என்று கேட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்; எந்தப் பாட்டு, எதற்கு, வருமானம் வந்தால் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வேறொருவர் வரிகளுக்கு டீச்சர் மெட்டுப் போட்டிருந்தால் அது தனி அனுமதி. வகுப்பு கேசட்டில் கூடப் பாடும் பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெளியீட்டுக்கு கிங்ஸ் சர்க்கிள் சண்முகானந்தா அரங்கம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அத்தனை பெரிய அரங்கத்தை எடுத்துப் பாதி காலியாக உட்கார்ந்திருப்பதைவிட, அந்தப் பணத்தில் இன்னும் நாலு பாட்டு பதிவு செய்யலாம். ஆன்லைனில் ஏற்றும்போது மட்டும் கூடவே உட்காருங்கள்: இயற்றியவர் என்று கேட்கிற கட்டத்தில் அவசரத்தில் பாடியவர் பெயரையே போட்டுவிடுவார்கள், அப்புறம் அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.