எஸ்.எல்.ஆரும் 7.62 தோட்டாவும்: நெல்லை வாசகர் கேள்விகள்

பாளையங்கோட்டை, என்.சி.சி. மாணவர்: எஸ்.எல்.ஆர். 'ஆட்டோமேட்டிக்' துப்பாக்கியா?

இல்லை. செல்ஃப் லோடிங் ரைபிள் என்ற பெயர்படி தானே லோடு செய்துகொள்ளும், தானே சுடாது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு. அந்தக் குண்டைத் தள்ளிய வாயுவில் கொஞ்சம் குழலின் துளை வழியே வந்து பிஸ்டனை அடிக்கும். குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் பின்னால் போய்க் காலி உறையை வெளியே எறியும். திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். நீங்கள் பழகும் .22 ரைபிளில் கை செய்யும் வேலையை இங்கே வாயு செய்கிறது, அவ்வளவுதான். மேகசின் 20 தோட்டா, குழல் 533 மி.மீ., வெறும் எடையே 4 கிலோவுக்கு மேல்.

மணிமுத்தாறு, ஓய்வுபெற்ற காவலர்: காலி உறை அடிக்கடி சிக்கும். கேஸ் ரெகுலேட்டரைத் திருகச் சொல்வார்கள். ஏன் அண்ணாச்சி?

ரெகுலேட்டர் உபரி வாயுவை வெளியே கசியவிடும் வழி. அதை மூடினால் பிஸ்டனுக்கு அதிக வாயு போகும். கரி படிந்தாலோ எண்ணெய் காய்ந்தாலோ போல்ட் முழுதாகப் பின்வாங்காது: உறை சிக்கும், அல்லது உறை போய்விடும், அடுத்த தோட்டா ஏறாது. முதலில் பிஸ்டனையும் சிலிண்டரையும் துடையுங்கள். தீராவிட்டால் ஒரு கிளிக் மூடுங்கள். சிக்கவே கூடாது என்று முழுக்க மூடி வைப்பது தப்பு. உதை கூடும், பாகங்கள் தேயும். தேரிக்காட்டு மணல் பக்கம் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் மணலோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும். இன்னொன்று: சிலிண்டரின் முன்வாயை அடைக்கும் கேஸ் பிளக்கைத் தலைகீழாக மாட்டினால் பிஸ்டனுக்கு வாயுவே போகாது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்டை இழுத்துக் காக் செய்ய வேண்டியதுதான். பழுது என்று ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஓடுமுன் பிளக்கைப் பாருங்கள்.

வள்ளியூர் வாசகர்: எஸ்.எல்.ஆர். தோட்டாவின் 7.62×51 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

முதல் எண் குழலின் உள்விட்டம், இரண்டாவது உறையின் நீளம், இரண்டும் மி.மீ.யில். குண்டின் விட்டம் 7.82, குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களில் இறுகிச் சுழல அந்த மிச்சம் வேண்டும். முன்னோடி, அமெரிக்காவின் .30-06 தோட்டா, அதன் உறை 63 மி.மீ. புது வெடிமருந்து குறைந்த இடத்திலேயே ஏறத்தாழ அதே வேகத்தைத் தந்ததால் உறையைக் குறுக்கினார்கள். 1954-இல் நேட்டோ ஏற்றது. சுமார் 9.5 கிராம் குண்டு, நொடிக்கு 840 மீட்டர் அளவில் புறப்படும்.

நம் பழைய .303 ரைபிளின் தோட்டா அடியில் விளிம்பு புடைத்திருக்கும். மேகசினில் ஒன்றின் விளிம்பு மற்றதன் பின்னால் மாட்டினால் ஏறாது. 7.62-க்கு அந்தத் தொல்லை இல்லை. தானே லோடாகும் துப்பாக்கிக்கு இதுவே பெரிய வசதி. 1962 சீனப் போரில் நம் வீரர்கள் கையில் பெரும்பாலும் .303தான். இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற இந்திய எஸ்.எல்.ஆர். வந்தது அதற்குப் பிறகு.

அம்பாசமுத்திரம் விவசாயி: பன்றித் தொல்லைக்கு இப்படி ஒன்று லைசென்ஸில் கிடைக்குமா?

கிடைக்காது. இது தடைசெய்யப்பட்ட வகை. உரிமமின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் துப்பாக்கியே இருந்தாலும், வனத்துறையைக் கேட்காமல் பன்றியைச் சுட முடியாது.

மணியாச்சி வாசகர்: வாஞ்சிநாதனின் துப்பாக்கியும் இதே முறைதானா?

1911-இல் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதுவும் தானே லோடாகும் வகைதான், ஆனால் பிஸ்டன் கிடையாது. சின்னத் தோட்டா என்பதால் காலி உறையே ஸ்லைடை (குழலுக்கு மேலே நகரும் பாகம்) பின்னுக்குத் தள்ளிவிடும். எஸ்.எல்.ஆரின் மூலமான எஃப்.ஏ.எல். ரைபிளும் பெல்ஜியத்துச் சரக்குதான்.