டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனால் பிறப்புறுப்பில் எரிச்சல் போகவில்லை. என்ன செய்வது?

ஒன்பது மாதமாக எரிகிறது, தொற்று இல்லை என்கிறார்கள், இனி யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் இதே வலியோடு இருந்தவள் நான். உங்கள் வலி கற்பனை இல்லை, அதை முதலில் நம்புங்கள்.

எனக்கும் பூஞ்சைத் தொற்று என்றுதான் ஆரம்பித்தார்கள். மாத்திரை, களிம்பு, மறுபடி மாத்திரை. உண்மையில் கிருமி இருக்கிறதா என்று ஒரு தடவைகூட கல்ச்சர் டெஸ்ட் எடுத்துப் பார்க்கவில்லை. வீட்டில் உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்தார்கள். ஸ்கூட்டரில் உட்கார முடியாது. கணவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு இறுகிவிடும். ஒரு டாக்டர், "ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்மா" என்றார். அன்று ஆட்டோவில் அழுதுகொண்டே வீடு வந்தேன்.

நான்காவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் ஈரமான பஞ்சுக் குச்சியால் யோனி வாசலைச் சுற்றி ஒவ்வோர் இடமாக மெல்லத் தொட்டுப் பார்த்தார். கீழ்ப்பக்கம் பட்டதும் துள்ளிவிட்டேன். தோல் நோய், தொற்று, ஹார்மோன் குறைவு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, இதற்கு வல்வோடைனியா என்று பெயர் சொன்னார். காரணம் பிடிபடாமல் மூன்று மாதமாவது நீடிக்கும் வலி இது. அங்குள்ள நரம்புகள் சின்னத் தொடுதலையும் வலியாக உணர்கின்றன. வலிக்குமோ என்ற பயத்தில், இடுப்பின் அடியில் யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத்தள (பெல்விக் ஃப்ளோர்) தசைகள் இறுகுகின்றன, இறுகிய தசை வலியை இன்னும் கூட்டுகிறது. ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது திரும்ப இழுத்துவிடும் என்றார்.

அதனால் சேர்த்தே செய்தோம். இரவில் மரத்துப்போகச் செய்யும் 5 சதவீத லிடோகெய்ன் ஆயின்ட்மென்ட், அமிட்ரிப்டிலின் மாத்திரை 10 மில்லிகிராம். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரை ஆயிற்றே என்று பயந்தேன். நரம்பு வலிக்கும் இதைக் குறைந்த அளவில் தருகிறார்கள். வாய் உலரும், காலையில் தூக்கம் கண்ணைக் கட்டும். டாக்டரைக் கேட்காமல் தொடங்கவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது.

ஆனால் என்னை மீட்டது பிசியோதெரபிதான். வாரம் ஒரு முறை. முதலில் மூச்சை வயிறு வரை இழுத்துத் தசையைத் தளர்த்தப் பழகினேன். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் விரலால் இறுக்கத்தை நீவி விட்டார், கடைசியாக டைலேட்டர், அதாவது யோனியை மெல்ல விரியப் பழக்கும் வழவழப்பான குழாய். அதற்கு முன் யூடியூப் பார்த்து, அந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடும் கீகல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே இறுகிய தசையை அது மேலும் இறுக்கும் என்று அவர்தான் நிறுத்தச் சொன்னார்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. கனடாவில் 212 பெண்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பத்து வார பிசியோதெரபிக்குப் பிறகு 79 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் என்றார்கள். லிடோகெய்ன் மட்டும் போட்டவர்களில் அது 39 சதவீதம். இரண்டு மருந்தைச் சேர்த்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் லிடோகெய்னோடு, அமிட்ரிப்டிலின் வகையைச் சேர்ந்த டெசிப்ரமின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வெறும் போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. தசையையும் பயத்தையும் தொடாமல் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பயத்துக்கு நானும் கணவரும் சேர்ந்தே கவுன்சலிங் போனோம். வலிக்கிறபோது நிறுத்தச் சொல்வது தப்பில்லை என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. கொஞ்ச காலம் உடலுறவே வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்ததும் பாதி இறுக்கம் போய்விட்டது.

வாசனை சோப்பு, இன்டிமேட் வாஷ் எல்லாம் விட்டுவிடுங்கள், வெறும் தண்ணீர் போதும். எதற்கும் கேட்காவிட்டால் வலிக்கும் திசுவை நீக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. நான்காவது மாதம்தான் வித்தியாசம் தெரிந்தது. இப்போதும் மாதவிடாய்க்கு முன்னால் லேசாக எரியும், மூச்சுப் பயிற்சி செய்தால் அடங்கிவிடும்.

அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே, "பெண்களுக்கான பெல்விக் ஃப்ளோர் பிசியோதெரபி செய்வீர்களா, பெண் தெரபிஸ்ட் இருக்கிறாரா?" என்று போனில் கேட்டுவிடுங்கள். முதுகுவலி மட்டும் பார்க்கும் இரண்டு இடங்களுக்கு நான் வீணாக அலைந்தேன்.