பழைய பெயிண்ட் வாளியில் செடி ஏன் அழுகுகிறது? கதம்பை, மண்குடம் எதற்கு உதவும்?

அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியிலும் கத்தரி, மிளகாய் மழைக்கு அழுகுகிறது என்கிறீர்கள். ஓட்டை இருக்கும் இடம்தான் சிக்கல். தட்டையான தளத்தில் வாளி உட்கார்ந்ததும் அடி ஓட்டைகள் அடைபடும். நம் குமரியில் ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை. ஈரம் வடியாவிட்டால் வேருக்குக் காற்றே கிடைக்காது. செடியைப் பிடுங்கி ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உறைபோல உருவி வந்து உள்ளே நூல் மட்டும் நின்றால் அது வேரழுகல். அந்த மண்ணில் உடனே வேறு செடி வைக்காதீர்கள்.

20 லிட்டர் வாளிக்கு அடியில் ஆறு ஓட்டை, பக்கவாட்டில் இரண்டு விரற்கடை உயரத்தில் நாலு ஓட்டை போடுங்கள். சுண்டுவிரல் நுழையவேண்டும். வாளியை மூன்று உடைந்த ஓட்டுத் துண்டுகள்மேல் தூக்கி வையுங்கள்.

வாளிக்குள் அடியில் ஓர் அடுக்கு தேங்காய்க் கதம்பை, அதாவது தேங்காய் உரித்த மட்டை. அதைக் கவிழ்த்து, குழிந்த பக்கம் கீழே வரும்படி வையுங்கள். தென்னை மூட்டில் குழி தோண்டி மல்லாத்தி அடுக்குவது தண்ணீரைப் பிடித்துவைக்க. மழைக்கால வாளிக்கு அது ஆகாது. பச்சைக் கதம்பை என்றால் மூன்று நாள் ஊறப்போட்டு, இறங்கும் செந்தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். அந்தக் கறை இளவேரை முடக்கிவிடும். காயலில் ஊறியது என்றால் உப்புப் போகும்வரை கழுவவேண்டும்.

மேலே செம்மண் இரண்டு பங்கு, மட்கிய நார்க்கழிவு ஒன்று, காய்ந்த சாணிப்பொடி ஒன்று, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. விளிம்புக்கு இரண்டு அங்குலம் விடுங்கள். ஒரு வாளிக்கு ஒரு கத்தரி போதும், இரண்டு வேண்டாம்.

அரிசிச் சாக்கை நான் சொல்லமாட்டேன். வெயிலில் நைந்து, பிளாஸ்டிக் இழை மண்ணில் கலந்துவிடும். பூச்சிமருந்து டப்பாவைத் தொடவே வேண்டாம்.

கோடைக்கு, தரையில் வைத்த செடிகளுக்குப் பழைய மண்குடம் அருமையான பொருள். கழுத்துவரை புதைத்து, ஒரு சாண் தள்ளிச் செடி வையுங்கள். புதைக்குமுன் நிரப்பி நிழலில் வைத்துப் பார்க்கவேண்டும். சில மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரம் பூக்காவிட்டால் அந்தக் குடம் உதவாது. மீன்சட்டியைப் பலர் புதைத்து ஏமாறுகிறார்கள். எண்ணெய் ஏறிப் பழகிய சட்டியில் நுண்துளைகள் அடைபட்டிருக்கும், நீர் கசியாது. பெயிண்ட் அடித்த பானையும் அப்படித்தான். அடியில் கீறல் இருந்தால் சிமெண்டுப் பாலால் உள்ளிருந்து அடையுங்கள். நீர் பாதியானதும் நிரப்புங்கள். வாயை ஓட்டுத் துண்டால் இடைவெளியில்லாமல் மூடுங்கள், இல்லையென்றால் அங்கே கொசு முட்டையிடும்.