அளவு கேட்காமல் அக்காவுக்குத் தங்க வளையல் வாங்குவது எப்படி?

அவர் அன்றாடம் போடும் வளையலைக் கழற்றி வைத்திருக்கும் நேரம் பார்த்து, உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 57 மி.மீ. என்றால் கடையில் சொல்லும் வளையல் அளவு 2-4, 60 என்றால் 2-6, 63.5 என்றால் 2-8. வெளிவிட்டத்தை அளந்துதான் பலரும் ஏமாறுகிறார்கள். கனம் 2 மி.மீ. இருந்தால் இருபுறமும் சேர்த்து 4 மி.மீ. கூடிவிடும், ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே 3 மி.மீ. சொச்சம்தான். பழைய வளையல் கொஞ்சம் நசுங்கியிருக்கும். அதனால் குறுக்கும் நெடுக்கும் அளந்து சராசரி எடுங்கள்.

அப்படியும் சந்தேகமா? திருகு வைத்த வளையல் வாங்குங்கள். திறந்து மாட்டுவதால் கை முட்டியில் சிக்காது. எனாமல் வேலைப்பாடு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அளவு மாற்ற வெட்டிப் பற்றவைத்தால் சூட்டில் எனாமல் தெறித்துவிடும்.

உள்பக்கம் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் தூய்மையைக் காட்டும் 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்.யு.ஐ.டி. (அந்த நகைக்கான தனி அடையாள எண்) மூன்றும் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தைக் கடையிலேயே பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். அளவு சேராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றலாம், செய்கூலியும் சேதாரமும் மறுபடி பிடிப்பார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.