ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதா?
குழந்தைகள் நல மருத்துவர் பதில்கள்

மகளுக்கு 8 வயது. மூன்று மாதமாகக் காலையில் தொப்புளைச் சுற்றி வலி என்கிறாள். நெட்டில் தேடினால் இரைப்பைப் புற்றுநோய் என்று வருகிறது. எண்டோஸ்கோபி பார்த்துவிடலாமா?
(அம்மாபேட்டை வாசகி)

முதலில் போனைக் கீழே வையுங்கள். இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களின் நோய். குழந்தைகளுக்கு வருவது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதா என்று பாருங்கள். பள்ளி நாளில் வந்து, விளையாடும்போது மறைகிற தொப்புள் வலிக்குப் பின்னால் பெரும்பாலும் நோய் இருக்காது. அதற்காக நடிப்பு என்று திட்டாதீர்கள், வலி நிஜம்தான். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வலியில் தூக்கம் கலைகிறது, எடை இறங்குகிறது, வாந்தியில் ரத்தம், மலம் தார் மாதிரி கறுப்பு: இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். (இரும்புச்சத்து சிரப் குடித்தாலும் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.) இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் விட அவசரமில்லை.

மூன்று வயது மகனைக் குளிப்பாட்டும்போது வயிற்றில் இடதுபக்கம் கல் மாதிரி தட்டுப்பட்டது. வலியில்லை. குடலேற்றம், எண்ணெய் போட்டு நீவலாம் என்கிறார் மாமியார்.
(ஏற்காடு வாசகி)

நீவவே கூடாது. பதில் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மலையிறங்குங்கள் என்று இவருக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளைகளின் வயிற்றில் புற்றுக்கட்டி வந்தால் அது பெரும்பாலும் இரைப்பையில் இருக்காது. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, அட்ரினல் சுரப்பிக் கட்டி, ஈரல் கட்டி, குடலில் வரும் லிம்போமா (நிணநீர்த் திசுப் புற்று), இவைதான் நாங்கள் பார்ப்பவை. வில்ம்ஸ் கட்டி பல சமயம் வலிக்கவே வலிக்காது; குளிப்பாட்டுகிற கைதான் கண்டுபிடிக்கும். அழுத்தினால் உறை கிழிந்து பரவக்கூடும். முதலில் ஒரு ஸ்கேன். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். வில்ம்ஸ் கட்டியாகவே இருந்தாலும், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஒன்று மட்டும்: கட்டி சுருங்கிவிட்டதே என்று புற்றுநோய் மருந்து ஊசியைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

என் அப்பா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். 6 வயது மகனுக்கு ஹெச்.பைலோரி டெஸ்ட் எடுக்கலாமா?
(செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

முதலில் நீங்கள் எடுங்கள். அவருடைய நேர் வாரிசு நீங்கள்தானே. ஹெச்.பைலோரி என்பது இரைப்பையில் குடியேறி, சிலருக்குப் பின்னாளில் புற்றுநோய்க்குக் காரணமாகும் கிருமி. இது பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. 1984-இல் பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வாங்கினார். கிருமி இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் பல பத்தாண்டுகள் ஆகும். குடும்பத்தில் இன்னும் சிலருக்கு, அதுவும் இளம் வயதில் வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

தட்டுவடை செட் தினமும் கேட்கிறான். கேன்சர் வருமா?

அதனால் வராது. தினமும் வேண்டாம். சட்னியில் என்ன தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள்.