மறந்துபோன வைஃபை கடவுச்சொல்லை மடிக்கணினியிலிருந்தே எடுக்கலாம்

கேள்வி: எங்கள் மடிக்கணினி பல ஆண்டுகளாக வீட்டு வைஃபையில் தானாகவே இணைந்துவிடுகிறது. புதிய கைபேசியை இணைக்க முயன்றால் கடவுச்சொல் கேட்கிறது. வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. ரௌட்டரை ரீசெட் செய்துவிடலாமா?

பதில்: ரீசெட் செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால், இணையச் சேவை நிறுவனம் ரௌட்டரில் பதிந்துவைத்த இணைப்பு அமைப்புகளும் சேர்ந்து அழிந்துபோகக்கூடும். பிறகு வைஃபை வந்தாலும் இணையம் வராது. நீங்கள் தேடும் கடவுச்சொல் அந்த மடிக்கணினியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை இணையும்போதும் தன்னிடம் சரியான சாவி இருக்கிறது என்பதைக் கணினி ரௌட்டருக்கு மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், விண்டோஸ் அதை மறைகுறியாக்கி வைத்திருந்தாலும், தேவைப்படும்போது மீட்டெடுக்கக்கூடிய வடிவிலேயே வைத்திருக்கிறது.

தேடத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. நெட்வொர்க் பட்டியலில் 'ஃபர்கெட்' என்றொரு பொத்தான் தென்படும். அதை அழுத்தினால் சேமித்த கடவுச்சொல் அழிந்து, மடிக்கணினியும் கைபேசியின் நிலைக்கே வந்துவிடும்.

அண்மைக் காலம் வரை புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 11 என்றால் வேலை எளிது. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதனுள் 'வைஃபை', அதனுள் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று சென்று, உங்கள் வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். 'வியூ வைஃபை செக்யூரிட்டி கீ' என்ற வரிக்கு எதிரே உள்ள 'வியூ' பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் தெரியும்.

விண்டோஸ் 10-இல் வழி சற்றுச் சுற்றானது. மடிக்கணினி அந்த வைஃபையில் இணைந்திருக்கும்போது, கன்ட்ரோல் பேனல் வழியாக 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' பக்கத்தைத் திறந்து, வலப்புறம் நீல எழுத்தில் தெரியும் வைஃபையின் பெயரைச் சொடுக்குங்கள். திறக்கும் சிறு சாளரத்தில் 'வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ்' பொத்தானை அழுத்தி, 'செக்யூரிட்டி' தாவலுக்குச் செல்லுங்கள். அங்கே 'நெட்வொர்க் செக்யூரிட்டி கீ' என்ற கட்டத்தில் வெறும் புள்ளிகள் இருக்கும். அதன் கீழே உள்ள 'ஷோ கேரக்டர்ஸ்' பெட்டியில் டிக் செய்தவுடன் புள்ளிகள் எழுத்துகளாக மாறும்.

அவ்வாறு டிக் செய்யும்போது கணினி நிர்வாகி அனுமதியைக் கேட்கலாம். உங்கள் கணக்கு சாதாரணப் பயனர் கணக்காக இருந்தால், நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும். இதை இடையூறாக எண்ண வேண்டாம். வீட்டுக்கு வருபவர் எவரும் உங்கள் கணினியில் உட்கார்ந்து வைஃபை சாவியை எளிதில் எடுத்துவிடாமல் காப்பது இதுதான். இந்த வேலைக்கென்று இணையத்தில் கிடைக்கும் 'கடவுச்சொல் கண்டுபிடிப்பான்' மென்பொருள்கள் எதையும் நிறுவாதீர்கள். விண்டோஸே காட்டிவிடுவதை அறிய, முகம் தெரியாத ஒருவரின் நிரலுக்கு நிர்வாகி அனுமதி கொடுப்பது ஆபத்தானது.

கடவுச்சொல்லைக் கண்டுபிடித்த பிறகும் பலர் கைபேசியில் தவறாகத் தட்டிவிட்டு, 'இது பழைய கடவுச்சொல் போலும்' என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறானவை. பூஜ்யமும் பெரிய 'ஓ'வும், எண் ஒன்றும் சிறிய 'எல்'லும், பெரிய 'ஐ'யும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஐயமிருந்தால் நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவை 'கன்சோலாஸ்' என்று மாற்றிப் பாருங்கள். அதில் பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். குறைந்தது 8 எழுத்துகள் இல்லாவிட்டால், நகலெடுக்கும்போது ஏதோ விடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். வீட்டு வைஃபையில் பொதுவாகப் பயன்படும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை 8 முதல் 63 எழுத்துகள் வரையே ஏற்கும்.

மேக் கணினி வைத்திருப்பவர்கள், 2022-இல் வெளிவந்த வென்ச்சுரா அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பென்றால், சிஸ்டம் செட்டிங்ஸின் வைஃபை பகுதியில் 'அட்வான்ஸ்ட்' பட்டியலைத் திறந்து, பெயருக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி 'காப்பி பாஸ்வேர்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய பதிப்புகளில் 'கீசெயின் ஆக்ஸஸ்' செயலியில் வைஃபையின் பெயரைத் தேட வேண்டும்.

கணினி கேபிள் வழியாக மட்டுமே இணைக்கப்பட்டு வந்திருந்தால், அதில் வைஃபை கடவுச்சொல் இருக்காது. அந்நிலையில் ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டை முதலில் பாருங்கள். அதில் அச்சிட்டுள்ள வைஃபை கடவுச்சொல்லை நிறுவிய பிறகு யாரும் மாற்றாதிருந்தால் அதுவே இன்றும் செல்லும். மாற்றியிருந்தால், உலாவியில் அச்சீட்டிலுள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதை, தட்டி ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்தால் வயர்லெஸ் பகுதியில் கடவுச்சொல்லைப் பார்க்கவோ புதிதாக வைக்கவோ முடியும். அந்தப் பக்கம் கேட்கும் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. புதிதாக வைத்தால், ஏற்கெனவே வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகள் அனைத்திலும் அதை மீண்டும் உள்ளிட வேண்டியிருக்கும்.