கிரவுன் ஆயில்: ஜீப் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மலைப்பாதையிலும் காட்டுத்தடத்திலும் ஓடும் நாலு சக்கர இழுவை வண்டிகளின் டிஃபரன்ஷியல் ஆயில் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஆக்சிலின் நடுவில் இருந்து, சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். பட்டறையில் இந்த ஆயிலைக் கிரவுன் ஆயில் என்றுதான் சொல்வார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

எஸ்டேட் வேலைக்குப் பழைய ஜீப் ஒன்று ஓட்டுகிறேன். பின் ஆக்சிலின் கிரவுன் ஆயிலை வீட்டிலேயே மாற்ற ஆசை. என்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?
வாசகர், போடி

வண்டிக்கடியில் படுத்து, ஆயில் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். கீழ் பிளக்கைத் தொடவே வேண்டாம். பல வருடம் யாரும் கை வைக்காத மேல் பிளக் துருவேறி இறுகியிருக்கும். கீழே ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் வரவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டி வாசலிலேயே நின்றுவிடும். பட்டறைக்குக் கூட ஓட்டிப்போக முடியாது. வீட்டில் செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

பிளக் இறுகியிருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பிளக்கின் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, இறுக்கும் பக்கம் மிக லேசாக அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். சில பிளக்குகளில் வெளியே ஆறுமுகத் தலை இருக்கும். சிலவற்றில் உள்ளே சதுரக் குழி இருக்கும். சதுரக் குழிக்குச் சரியான சதுரச் சாவிதான் வேண்டும். குழியில் படிந்த மண்ணை ஆணியால் நோண்டி எடுத்து, சாவி முழு ஆழத்துக்கும் இறங்கியதைப் பார்த்த பிறகே பலம் கொடுங்கள். அரைகுறையாக நிற்கும் சாவி குழியின் மூலைகளை மழுக்கிவிடும்.

வாங்க வேண்டியவை: ஒரு ஆக்சிலுக்கு 2 லிட்டர் கியர் ஆயில், பிளக்குக்குப் புது வாஷர், அரை லிட்டர் கொள்ளும் கை சிரிஞ்ச் அல்லது கை பம்ப், 4 லிட்டராவது பிடிக்கும் தட்டு, பனியன் வேஸ்ட் ஒரு கட்டு. வில்லிஸ் (போர்க்கால ஜீப்களைச் செய்த அமெரிக்க நிறுவனம்) வழிவந்த பழைய ஜீப் ஆக்சில்கள் ஒவ்வொன்றும் 2½ அமெரிக்கப் பைன்ட், அதாவது ஏறக்குறைய 1.2 லிட்டர் பிடிக்கும். பெரிய ஆக்சில்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. பிளக்கின் மரை நுனிப்பக்கம் ஒடுங்கிப் போனால் வாஷர் தேவையில்லை, மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் போதும். மரை ஒரே அளவாக இருந்தால் செம்பு அல்லது அலுமினிய வாஷர் கட்டாயம்.

மேல் பிளக்கை மறுபடி பூட்டிவிட்டு, ஜீப்பை 10, 15 கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்து, சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை போடுங்கள். இவ்வளவு உயரமான வண்டிக்கு ஜாக்கி தேவையே இல்லை. ஜாக்கி போட்டுச் சாய்த்தால் ஆயில் மட்டமும் தப்பாகக் காட்டும். கைப்பிரேக்கை மட்டும் நம்பி ஒரு பின்சக்கரத்தைத் தூக்குவது இன்னும் ஆபத்து. சில பழைய ஜீப்களில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேசுக்கு (முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், ஷாஃப்ட் சுற்றாமலே டிஃபரன்ஷியல் தரையில் உள்ள சக்கரத்தை உருளவிடும். கைப்பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும்.

இரண்டு பிளக்கைச் சுற்றியும் மண்ணைத் துடைத்துவிட்டு மேல் பிளக், பிறகு கீழ் பிளக் என்று கழற்றுங்கள். ஆயில் கை சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாகக் குறையும் வரை இருபது நிமிடமாவது விடுங்கள். கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் மை போல மழமழவென்று இருந்தால் கவலை வேண்டாம், பல் தேய்ந்து வரும் வழக்கமான தூள்தான். நெருடினாலோ, ஊசி போலவோ செதில் போலவோ துண்டு வந்தாலோ, பேரிங்கோ பல்லோ உடைய ஆரம்பித்திருக்கிறது. அப்போது புது ஆயில் ஊற்றி மூடிவிடாதீர்கள், திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ் பிளக்கைப் பூட்டிய பின் மேல் துளை வழியாக ஊற்றுங்கள். கியர் ஆயில் இறங்க மறுத்தால் பாட்டிலைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். துளையின் கீழ் விளிம்பிலிருந்து வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, மட்டம் இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றி மூடுங்கள். பிளக்கை இறுக்க ஸ்பேனரில் பைப் மாட்ட வேண்டாம். அடுத்த முறை அதைக் கழற்றப்போவதும் நீங்கள்தான்.

சில ஆக்சில்களில் கீழ் பிளக்கே இருக்காது. பின்மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியின் அடிப்பக்கத்தை நெம்பித்தான் ஆயிலை வடிக்க வேண்டும். மேலே இரண்டு போல்ட்டை முழுவதும் கழற்றாமல் விட்டால் மூடி முகத்தில் விழாது. பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் துணி அடையுங்கள். மூடும் முன் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். இரு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, சிலிக்கான் பேஸ்ட்டை 3 மில்லிமீட்டர் தடிமனில் இடைவெளி இல்லாத ஒரே கோடாக இழுங்கள். போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக அந்தக் கோடு போக வேண்டும். அதிகம் அப்பினால் பிதுங்கிய பேஸ்ட் உள்ளே அறுந்து விழுந்து, பினியன் (கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) பேரிங்குக்கு ஆயில் போகும் வழியை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். பேஸ்ட் டியூபில் போட்டிருக்கும் நேரம் காய்ந்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும்.

ஓடை தாண்டிப் போய்வரும் வண்டி. மட்டம் பார்க்கத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது. ஆறு மாதம் முன்புதான் மாற்றினோம்.
வாசகர், வால்பாறை

தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே மாற்றுங்கள். ஆறு மாதமா ஆறு நாளா என்பது இங்கே கணக்கே இல்லை. தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் உருளைகள் துருப்பிடிக்கும். துரு விழுந்த இடத்தில் குழி விழும். குழி விழுந்த பேரிங் பிறகு எந்த ஆயிலுக்கும் சரியாகாது.

தண்ணீர் வந்த வழியை மூடாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த ஓடையில் மறுபடி இதே கதைதான். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும், பிரீதர் என்பார்கள். ஓடும்போது உள்ளே காற்று சூடேறி விரிந்து அதன் வழியே வெளியேறும். சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்காற்று சட்டென்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். பிரீதர் திறந்து, தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்று வரும். மண்ணாலோ குளவிக் கூட்டாலோ அடைத்திருந்தால் ஆயில் சீலின் உதடு வழியாகத் தண்ணீர் வரும். அந்தச் சீல் உள்ளே இருக்கும் ஆயிலைத் தடுக்கச் செய்தது, வெளித்தண்ணீரைத் தடுக்க அல்ல. மலையோடையில் ஓடும் வண்டிகளில் டிஃபரன்ஷியல் கெடுவதற்குப் பழைய ஆயிலைவிட இந்த அடைத்த பிரீதர்தான் பெரிய காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பத்து ரூபாய் கூடச் செலவில்லாமல் பார்க்கக்கூடிய ஒன்றை யாரும் பார்ப்பதில்லை.

பிரீதரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ஊதிப் பாருங்கள். அதன் வாயில், வண்டிகளில் பெட்ரோல் போகப் போடும் ரப்பர் ஹோஸை கிளிப் வைத்து மாட்டி, சேசிஸ் வழியாக என்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸ் தொய்வாக இருக்க வேண்டும், ஆனால் நடுவில் தண்ணீர் தேங்குகிற மாதிரிப் பள்ளம் விழக்கூடாது. நுனியில் சின்ன ஃபில்டர் ஒன்று.

கழுவுவதற்கு டீசல் ஊற்றி ஓட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். மூலைகளில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். சரியான தர ஆயிலிலேயே விலை குறைந்ததை ஊற்றி, பாரம் ஏற்றாமல் 15, 20 கிலோமீட்டர் ஓட்டி வடித்துவிட்டு, நல்ல ஆயிலை ஊற்றுங்கள். வடித்தது இன்னும் கலங்கலாக இருந்தால் மறுபடி ஒருமுறை. ஓடைக்கு முன்னால் பத்து நிமிடம் வண்டியை ஆறவிடுவதும் உதவும். முன் ஆக்சிலும் அதே தண்ணீரில்தான் இறங்கியது, அதையும் திறந்து பாருங்கள்.

ஊட்டிக் குளிருக்கு 80W-90 சரியா, 75W-90 வாங்க வேண்டுமா? இன்னொருவர் 140 ஊற்றச் சொல்கிறார். கியர் பாக்சுக்கும் இதையே ஊற்றலாமா?
வாசகர், கோத்தகிரி

W-க்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 80W ஆயில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி, 85W என்றால் மைனஸ் 12. ஊட்டி உறைபனிக்கு இரண்டுமே போதும். W-க்குப் பின்னால் உள்ள 90, 140 ஆகியவை 100 டிகிரி சூட்டில் உள்ள தடிமன். இன்னொன்று: கியர் ஆயிலின் 90-ஐ என்ஜின் ஆயில் எண்ணோடு ஒப்பிடக்கூடாது, இரண்டும் வேறு அளவுகோல். கியர் ஆயில் 90-இன் தடிமன் ஏறக்குறைய என்ஜின் ஆயில் 40, 50-க்குச் சமம்தான். கையேடு 85W-140 கேட்டால், அல்லது தினமும் முழுப் பாரத்தோடு நீண்ட ஏற்றம் ஏறினால் 140 ஊற்றுங்கள். சத்தத்தை அடக்க 140 ஊற்றுவதில் பயனில்லை. கொஞ்ச நாள் சத்தம் மங்கும், தேய்மானம் நிற்காது.

எண்ணைவிட முக்கியம், கியர் ஆயிலின் தரவகையைக் காட்டும் டப்பாவில் உள்ள GL எழுத்து. கிரவுனும் பினியனும் ஹைபாய்டு பல். உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் ஓடும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழியாமல் காப்பது கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து. GL-5 ஆயிலில் அது நிறைய இருக்கும். அதனால் ஹைபாய்டு ஆக்சிலுக்கு GL-5 தான். கியர் பாக்சில் சின்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்குபவை) பித்தளையாக இருந்தால் அதே மருந்து அவற்றை அரிக்கும். அங்கே கையேடு GL-4 கேட்டால் GL-4 மட்டுமே. டிரான்ஸ்ஃபர் கேசுக்கும் கையேட்டைப் பாருங்கள்.

லிமிட்டட் ஸ்லிப் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு மருந்து கலக்க வேண்டுமாமே?
வாசகர், கொடைக்கானல்

ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்தான் லிமிட்டட் ஸ்லிப். பின் ஆக்சில் முழுவதையும் ஸ்டாண்டில் தூக்கி, முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கைப்பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு பின்சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். அதே திசையில் சுற்றினால் கிளட்ச் தட்டுகள் உள்ள லிமிட்டட் ஸ்லிப்பாக இருக்கலாம். கிளட்ச் தட்டு வகைக்குத்தான் நீங்கள் கேட்ட மருந்தான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் தேவை. அது இல்லாவிட்டால் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும்.

இந்தச் சோதனை மஹிந்திரா தார் வண்டிகள் சிலவற்றில் வரும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வகையைக் காட்டிக்கொடுக்காது. இரு சக்கரங்களின் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டிக்கொள்ளும். கையால் சுற்றும்போது சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்ளும். கையேட்டில் சொல்லாத மருந்தை அதில் நீங்களாகக் கலக்காதீர்கள்.

ஆயில் மாற்றிய இரண்டே வாரத்தில் ஒரு பின்சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் ஆயில். சீல் போய்விட்டது என்கிறார்கள்.
வாசகர், ஏற்காடு

போயிருக்கலாம். ஆனால் சீலுக்குப் பணம் கொடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். சமதளத்தில் மேல் பிளக்கைத் திறங்கள். ஆயில் பாய்ந்து வந்தால் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். வண்டியைச் சாய்வில் நிறுத்தியோ ஜாக்கியில் தூக்கியோ ஊற்றினால் இப்படி ஆகும். கூடுதல் ஆயில் நுரைத்து ஆக்சில் குழாய் வழியாகச் சக்கரம் வரை போகும். அடுத்தது பிரீதர். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். இரண்டும் சரியென்றால் சீலை மாற்றுங்கள், சீல் உட்காரும் ஷாஃப்ட் பகுதியில் நகம் தடுக்கும் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மறுபடி மாட்டாதீர்கள். ஊறியது திரும்ப வெளியே வரும், மலை இறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கசிவு முன்னால் பினியன் பக்கம் இருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். பல ஆக்சில்களில் பினியன் நட்டின் இறுக்கம்தான் நசுங்கும் ஸ்லீவ் வழியாகப் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. நட்டைச் சும்மா முழுப் பலத்தில் இறுக்கினால் பேரிங் சூடேறிப் போய்விடும்.

வடித்த ஆயிலை வேலிக்கால்களுக்குக் கரையான் வராமல் பூசலாமா?
வாசகர், கம்பம்

வேண்டாம். மழையில் கழுவி மண்ணுக்கும் ஓடைக்கும் போகும். வடித்ததை மூடியுள்ள கேனில், தண்ணீரோ டீசலோ கலக்காமல் சேர்த்து, பழைய ஆயில் சேகரிப்பவர்களுக்குக் கொடுக்கும் பட்டறையில் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயிலை மறுசுத்திகரிப்பு செய்யும் அனுமதி பெற்றவர்களிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டையும் தனிப் பையில் கட்டி அங்கேயே கொடுத்துவிடுங்கள்.